ரேடியோப் பெட்டிமேல் உட்கார்ந்த பூனை

அம்மான் கொழும்பிலிருந்து கொண்டுவந்த ரேடியோப் பெட்டிக்கு முன்னால் தினமும் சாயங்காலம் கூட்டம் சேரும். அம்மான் என்றால் என்னைப் பெற்ற ஆத்தாவின் தம்பி. எங்களுக்கு அடுத்த வீடு. அவர் வீட்டு முன்கட்டுக்கு ‘ரேடியோ ஸ்டேஷன்’ என்றே காரைக்குடியில் எங்கள் தெருக்காரர்கள் பேர் வைத்துவிட்டார்கள். பாதி நேரம் இரைச்சல்தான். அதற்கே அத்தனை பேர்.

அங்கே ஒரு வெள்ளைப் பூனை இருந்தது. வருகிறவர்களுக்குக் குறுக்கே ஓடும். அவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். அம்மான் யோசித்துப் பார்த்து, பூனையைத் தூக்கிப் பெட்டிமேல் வைத்தார். உள்ளே கண்ணாடிக் குமிழ்கள் எரிகிற கதகதப்பு அதற்குப் பிடித்துப்போய்ச் சுருண்டுகொண்டது.

“ஏன் நிக்கிறீக? குறுக்கே போனாத்தான தடை? உக்காந்திருந்தா என்ன செய்யும்? உள்ள வாங்க!”

வந்தார்கள். போகப்போக, பூனையைக் காணாவிட்டால், “இன்னைக்கு ஸ்டேஷன் இல்லையா?” என்று கேட்கவும் தொடங்கினார்கள். அம்மான் பலகையில் பூனைப் படம் எழுதச் சொல்லி வாசலில் மாட்டினார். எழுதியவர் கோயில் வாகனங்களுக்கு வர்ணம் தீட்டுகிறவர். அவர் கையில் பூனைக்குச் சிங்கம்போலப் பிடரிமயிர் வந்துவிட்டது.

அந்த வருஷம் என் தகப்பனார், அப்பச்சி, ரங்கூனுக்குப் புறப்பட்டார். போனால் வர மூன்று வருஷம். ஆத்தா அடுக்கிய பயணப்பெட்டியையே கலைத்துக் கலைத்து அடுக்கினாள்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். வாத்தியார் பிரம்பைத் தொட்டதற்கே மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கப்பல் கவிழ்ந்துவிட்டால்? பயணத்தன்று காலையிலேயே பூனையைப் பிடித்து எங்கள் விறகறையில் போட்டுத் தாழிட்டேன். ஆத்தாவிடம் மட்டும் சொன்னேன். மூன்று தரம் போய்த் தாழைத் தொட்டும் பார்த்துக்கொண்டேன்.

அப்பச்சி நல்ல நேரம் பார்த்துப் படியிறங்கினார். பூனை, அவசரமே இல்லாமல், அவர் முன்னால் குறுக்கே நடந்து போயிற்று.

அம்மான்தான் முதலில் சிரித்தார். “உள்ள வாங்க அத்தான். ஸ்டேஷன்ல உத்தரவு குடுக்கலை.”

அடுத்த கப்பலுக்கு இன்னும் பத்து நாள். அன்று சாயங்காலம் அப்பச்சி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ரேடியோ கேட்டார். பூனையைக் கண்டாலே விளக்குமாற்றைத் தூக்குகிற ஆத்தா, பெட்டியடியில் ஒரு கிண்ணம் பால் வைத்தாள். அடுத்த தடவை பலகைக்கு வர்ணம் அடித்தபோது பிடரிமயிர் போயிற்று, அந்தக் கிண்ணம் வந்து சேர்ந்தது. அது ஏன் என்று பிறகு வந்தவர்கள் யாரும் கேட்கவில்லை.

பயணம் நின்ற அன்று காலையில் நான் அழுத அழுகை! தாழை நான்தான் சரியாகப் போடவில்லை என்று ஆத்தாவின் மடியில் விழுந்தேன். அவள் முந்தானையெல்லாம் வெள்ளை வெள்ளையாய்ப் பூனைமுடி. கெட்ட சகுனம் அவளையும் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்து, விக்கிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தேன்.

ஆத்தா என் தலையைத் தடவி, “நீ சரியாத்தான்டி தாப்பாப் போட்டிருந்தே” என்றாள்.

என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.