பட்டியலில் அங்கிளின் பெயர்

எங்கள் வீட்டு அலுமாரியில், குளிர்கால ஜக்கெற்றுகளுக்குப் பின்னால், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு தாள் சுவரைப் பார்த்தபடி நிற்கிறது. அதில் இருப்பது குடும்பப் படமும் இல்லை, பிள்ளைகளின் பட்டமும் இல்லை. நகரசபை உறுப்பினர் ஒருவர் பெற்ற பரிசுகளின் பட்டியல், இணையத்திலிருந்து எடுத்தது. மூன்றாவது வரியில் ஒரு சோடி வெள்ளிக் குத்துவிளக்கு என்று ஆங்கிலத்தில் இருக்கும், பக்கத்தில் கொடுத்தவரின் முழுப்பெயர். அந்த வரியைத் தட்டச்சு செய்தவள் நான். ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜக்ஸ் நகருக்கு அண்மையில் வீடு மாறியபோது எத்தனையோ சாமான்களைத் தயங்காமல் எறிந்தேன். இதை எறியவும் முடியவில்லை, மாட்டவும் முடியவில்லை.

அந்தப் பெயருக்குரியவரை நான் அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். சொந்தம் ஒன்றும் கிடையாது. பன்னிரண்டு வயதில் அம்மாவோடும் தங்கச்சியோடும் அகதியாகக் கனடாவில் வந்து இறங்கியபோது, ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் தன் வீட்டுக் கீழ்த்தளத்தை, பேஸ்மென்றை, எங்களுக்குத் தந்தவர். என் முதல் பனிச்சப்பாத்தை வாங்கித் தந்ததும், அம்மாவுக்கு வேலை பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். பிறகு ஒரு கல்யாண மண்டபம் திறந்தார். அதுதான் அவருக்கு உயிர். மணவறைக்கு முன்னால் நிற்கமாட்டார். வாசலில் நின்று, போகிற ஒவ்வொருவரிடமும் சாப்பிட்டாச்சோ என்று கேட்டுக்கொண்டிருப்பார். என் கல்யாணத்திலும் அப்படித்தான் நின்றார். ஊரெல்லாம் வாயாடி என்று பெயர் எடுத்த எனக்கு, அவர் முன்னால் மட்டும் நாக்கு எழும்பாது.

அந்த மண்டபம் இருந்த தொகுதியின் கவுன்சிலரிடம்தான் எனக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. ரொறன்ரோவை ஒட்டிய ஒரு நகரசபை, பெயர் வேண்டாம். கவுன்சிலரும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நல்ல மனிதர், ஆனால் சரியான பயந்தாங்கொள்ளி. முதல் நாளே, "ஆர் என்ன தந்தாலும் எழுதிப்போடு. நாளைக்கு ஒருத்தரும் என்னைக் கை நீட்டிக் கேக்கக்கூடாது" என்றார். ஒரு பெறுமதிக்கு மேற்பட்ட பரிசோ விருந்தோ கிடைத்தால், அது என்ன, யார் தந்தது, எதற்காக என்பதெல்லாம் நகரசபையின் இணையப் பக்கத்தில் வரவேண்டும். மற்றக் கவுன்சிலர்மாரின் பட்டியலில் இரண்டு ஹொக்கி ரிக்கெற்றும் ஒரு பழக்கூடையும் இருக்கும். எங்களுடையது நீண்டுகொண்டே போனது. எங்கள் சனம் வெறுங்கையோடு மேடை ஏறுமா? அரங்கேற்றம், ஆண்டுவிழா, பழைய மாணவர் ஒன்றுகூடல், எங்கே போனாலும் குறைந்தது ஒரு பொன்னாடை, பல இடங்களில் அதோடு வெள்ளித்தட்டோ கேடயமோ. நாலு பேர் பார்க்க மேடையில் வைத்து மறுத்தால் போர்த்த வந்தவரின் முகம் என்னாவது? கவுன்சிலர் குனிந்து தோளைக் கொடுப்பார், நான் கீழே இருந்து குறிப்பெடுப்பேன்.

அந்தப் பட்டியல் எதற்கு என்று எங்கள் ஆட்களுக்கு ஒருவரும் விளக்கவில்லை. கோயில் திருவிழா நோட்டீசில் உபயகாரர் பெயர் போடுவதுபோல, கொடுத்தவர்களைக் கௌரவிக்கத்தான் போடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். பெயர் வந்தவர் சந்தோசப்பட்டார், வராதவர் முகத்தை நீட்டினார். கேட்டுக் கேட்டு நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அங்கிளே அலுவலகத்துக்கு வந்தார். கோட்டைக் கூடக் கழற்றாமல் கதிரை நுனியில் இருந்தார்.

"பிள்ளை, எல்லாற்ற பேரும் கிடக்கு, என்ர பேரைத்தான் காணேல்லை. நான் பொன்னாடை போத்தினதை நீயும் பாத்தனீதானே?"

"சின்னச் சாமான் எழுதிறேல்லை, அங்கிள்" என்றேன்.

"ஓ, அப்பிடியே" என்றவர் முகம் சிறுத்துப் போனது. விதியைத்தான் சொன்னேன். ஆனால் அவருக்கு, நீ போர்த்தது சின்னது என்றுதான் கேட்டிருக்கும். அந்த வாக்கியத்தைத் திரும்பப் பிடித்து விழுங்கிவிட முடியாதா என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன்.

அடுத்த பொங்கல் விழாவில் மேடைக்கு அங்கிளின் வெள்ளிக் குத்துவிளக்குகள் வந்தன. அந்த நேரம் அங்கிள், மண்டபத்துக்குப் பக்கத்து வெறுங்காணியைக் கார் நிறுத்துமிடமாக்க நகரசபைக்கு விண்ணப்பித்திருந்தார். தெருவெல்லாம் கார் நிற்கிறது என்று அயலவர்களின் முறைப்பாடு தாங்க முடியாத அளவு. அந்த அனுமதி இல்லாவிட்டால் மண்டபத்தை மூடவேண்டியதுதான். விளக்கையும் விண்ணப்பத்தையும் முடிச்சுப் போட அவருக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. கவுன்சிலருக்குத் தெரிந்தது. மேடையிலேயே அவருக்கு வியர்த்துவிட்டது. மறுநாளே விளக்குகளை நகரசபையிடம் ஒப்படைத்தோம். அப்படியும், பெயர் பட்டியலில் வரவேண்டும், அந்த விண்ணப்பம் வரும்போது கவுன்சிலர் வாக்களிக்காமல் வெளியே போகவேண்டும் என்று நகரசபையிலிருந்து பதில் வந்தது. நான் எழுதினேன். எழுதாமல் விட்டால் கவுன்சிலரின் பெயர் போகும், எழுதினால் அங்கிளின் மண்டபத்துக்கு வரவேண்டிய ஒரு வாக்குப் போகும்.

வாக்கெடுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது அங்கிள் ஒரு பெட்டி வடையோடு வந்தார். கையில் சட்டம் போட்ட அந்தத் தாள். "அரசாங்கத்தின்ர பக்கத்தில என்ர பேர். உன்ர கையால வந்தது" என்றார். இதனால் கவுன்சிலர் வாக்களிக்கமாட்டார் என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒரு சட்டத்தரணியைப் பிடித்திருப்பார், மற்ற உறுப்பினர்களைப் போய்ப் பார்த்திருப்பார். ஆனால் எப்படிச் சொல்வது? உங்கட விளக்கு இங்கத்தை ஆக்களின்ர கண்ணுக்கு லஞ்சம் மாதிரி, அங்கிள் என்று, எனக்குச் சப்பாத்து மாட்டிவிட்ட மனிதரிடமா? கடித்த வடையைப் பெட்டி மூடியில் வைத்தேன். "வடிவா இருக்கு, அங்கிள்" என்றேன்.

வாக்கெடுப்பு நேரம் கவுன்சிலர் நடைபாதையில் கோப்பி மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே வாக்குகள் சமமாக விழுந்தன. சமமானால் விண்ணப்பம் தோற்றதாகத்தான் எடுப்பார்கள். கொஞ்ச நாளில் மண்டபத்துக்குப் பூட்டு விழுந்தது.

அங்கிள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சட்டம் முன்னறையில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கும். யாராவது வந்திருந்தால், "உதை எழுதினது இவள்தான். வாசிச்சுக் காட்டு, பிள்ளை" என்பார். நானும் எழும்பி நின்று மூன்றாவது வரியை வாசிப்பேன். பாவம், இன்னும் இவருக்கு விளங்கவில்லையே என்று குமைவேன். போகாமல் இருந்தால் நன்றி கெட்டவள், போனால் இந்த வாசிப்பு. வருசக்கணக்காக இப்படியே போய்வந்தேன்.

போன பனிக்காலத்தில் அங்கிள் காலமானார். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து நான் சப்பாத்துப் போடும்போது அவருடைய மகன் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்து தந்தான்.

"இதை உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவர், அக்கா. நீங்கள் வாறியள் எண்டால்தான் கீழயிருந்து எடுத்துவந்து கொழுவுவார். போனவுடனை கழட்டிப்போடுவார்."

சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவனே சொன்னான்: "மண்டபம் ஏன் போனதெண்டு அப்பாவுக்கு அண்டைக்கே தெரியும். அது பிள்ளைக்குத் தெரியவேண்டாம், தன்னாலதான் எண்டு அழுவாள் எண்டவர்."

நாற்பத்தேழு வயதில், ஒரு சப்பாத்து மாட்டியபடி, அந்த வாசலிலேயே குந்தியிருந்து அழுதேன்.

இப்போது ஜக்கெற் எடுக்கும்போதெல்லாம் சட்டத்தின் முதுகும் அவர் கட்டிய கயிறும் தெரிகின்றன. ஆர் என்ன தந்தாலும் எழுதிப்போடு என்று கவுன்சிலர் சொன்னார். மற்றவர்கள் தந்ததையெல்லாம் எழுதினேன். அங்கிள் எனக்குத் தந்ததை இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.