சல்லடையில் சிக்கிய நத்தைகள்

சவரிமுத்து அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் எங்கள் மலைநகரமான தானா ராத்தாவில் பல் மருத்துவரின் நாற்காலியில் வாய் பிளந்து கிடந்தேன். அழவும் முடியவில்லை, "நல்ல மனிதர்" என்று மரியாதைக்குச் சொல்லவும் முடியவில்லை.

அடக்கத்தில் பேசிய நால்வரும் அவரைத் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதிய நேர்மையான கிராணி என்றார்கள். கடுகளவு கடல் நத்தைகளின் ஓடுகளை வாழ்நாளெல்லாம் வகைப்படுத்தியவர் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. என்னைப் பேச அழைக்கவுமில்லை. ஆகவே எழுதுகிறேன்.

ஆண்டுதோறும் எங்கள் மாதா கோயில்காரர்கள் பேருந்து பிடித்துக் கடற்கரைக்குப் போவோம். மற்றவர்கள் கருவாடு வாங்கி வருவார்கள். அண்ணன் பிஸ்கட் டின் நிறைய மணல் கொண்டுவருவார்.

"மலை மேல உக்காந்துகிட்டு கடல் நத்தை எதுக்குண்ணே?" என்று கேட்டேன்.

"கடலோரத்துல இருக்கிறவனுக்கு மீன் பிடிக்கவே நேரம் பத்தல சார். இங்க மழைதானே லா, வீட்டுக்குள்ள வேற என்ன வேலை?"

நான் அறிவியல் ஆசிரியர். தலைமையாசிரியர் பதவி என்னைவிட இளையவனுக்குக் கிடைத்த வருடம், ஒரு புதிய நத்தைக்குப் பெயர் வைத்தவனாகவாவது இருப்போம் என்று மணலில் இறங்கினேன். தேயிலையைத் தரம் பிரிக்கும் பழைய சல்லடையை அவரிடமே இரவல் வாங்கினேன். மேலே தங்கிய ஓடுகளுக்கு ஆறு சுருள், வாயின் உதடு தடிப்பு. கீழே விழுந்தவற்றுக்கு நாலு சுருள், உதடு மெல்லியது. இரண்டும் ஒருபோதும் ஒரே தட்டில் சேர்ந்து கிடக்கவில்லை. ஆகவே சிறியது புதிய இனம் என்று பதினாறு பக்கம் எழுதினேன். அதைப் பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் அம்மையார் மலையேறி வந்தார்.

அன்று அண்ணனும் என் வீட்டில் இருந்தார். கட்டுரையை முழுக்கப் படித்தார். பிறகு சல்லடையைக் கவிழ்த்து அதன் முதுகில் இரண்டு தட்டு தட்டினார். சல்லடைக் கண்களில் சிக்கியிருந்த ஓடுகள் மேசைமேல் உதிர்ந்தன. ஐந்து சுருள், உதடு அப்போதுதான் தடிக்கத் தொடங்கியிருந்தது.

"சலிச்சா தூள் கீழ போகும், இலை மேல நிக்கும். செடி ஒண்ணுதானே சார்? இது குட்டி, அது பெருசு."

"அந்தம்மா போனப்புறம் சொல்லியிருக்கலாமில்ல?"

"போனப்புறம் சொன்னா அச்சாயிடுமே."

அம்மையார் சிரித்துவிட்டார். நான் நான்கு வருடம் அண்ணனோடு பேசவில்லை. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் அவர் கைநீட்டினால் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்துகொள்வேன். ஒருநாள் செருப்புப் போட்டிருந்ததை மறந்து குனிந்தேன். "கயிறு கிடைச்சுதா சார்?" என்றார். அன்றுதான் கை கொடுத்தேன், கோபம் குறையாமலே.

அடக்கம் முடிந்து அவர் மகள் ஓர் அட்டையைக் கொடுத்தாள். அன்று மேசையிலிருந்து வாரியெடுத்த ஓடுகளைச் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாக ஒட்டியிருந்தார். கீழே "கண்டெடுத்தவர்" என்று என் முழுப்பெயர், பட்டங்களோடு.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அவரே நம்பமாட்டார். ஆனால் இப்போதெல்லாம் இரண்டு ஓடுகளுக்கு இரண்டு பெயர் எழுதுமுன், இடைப்பட்ட ஒன்று இருக்கிறதா என்று தேடுகிறேன். பெரும்பாலும் கிடைத்துத் தொலைக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பழக்கம்தான்.