சீனியோடு திரும்பி வந்த தட்டுகள்

இலங்கை மலைநாட்டுப் பதுளையில் தேநீர் குடிக்க இரண்டு கைகளும் வேண்டும். ஒரு கையில் பால் விடாத தேநீர். மற்றக் கையின் குழியில் ஒரு கரண்டி சீனி. உள்ளங்கையில் ஒரு நக்கு, பிறகு ஒரு மிடறு. கல்யாணமாகித் துறையூரிலிருந்து இங்கே வந்த புதிதில், என் மாமனார் தம் பலசரக்குக் கடையின் கல்லாவில் உட்கார்ந்து இப்படிக் குடிப்பதைப் பார்த்து எனக்கு அருவருப்பாக இருந்தது. நக்கிய கையை வேட்டியில் துடைத்துவிட்டு அதே கையால் பருப்பை அள்ளினார். வாங்க வந்தவர் முகம் சுளிக்கவில்லை. ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் சிரிக்கக்கூடும். நானும் அன்று அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. அந்த மனிதரின் வலது காலில் இன்று பெருவிரல் இல்லை.

சர்க்கரை நோயைச் சீனி வருத்தம் என்று இங்கே சொல்கிறார்கள். விரலை எடுத்த இடம் ஆறவேயில்லை. சீனி இறங்காவிட்டால் அடுத்து கணுக்காலோடு எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் என் கணவரிடமும் என்னிடமும் சொல்லியிருந்தார். புண்ணுக்குக் கட்டுப் போடும் வேலை என்னுடையது. அத்தைக்கு அதைப் பார்த்தாலே தலை சுற்றும்; கணவர் விடியும்போதே கடை திறக்கப் போய்விடுவார். பழைய துணியை உரிக்கும்போது மழையில் நனைந்து மக்கிய சாக்கைப் போல ஒரு வாடை எழும்பும். ஓரத்தில் வெளுத்த சதை, நடுவில் ஈரம். மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைப்பேன். பிறகு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு என் நாலு வயது மகளுக்குச் சோறு பிசைவேன். அவள் வாய் திறக்கும்போது என் விரல்களை நானே மோந்து பார்த்துக்கொள்வேன். ஒழுங்காகக் கழுவினேனா? நகத்துக்குள்? மறுபடி எழுந்து போய்க் கழுவிவிட்டு வருவேன்.

விரல் போனது வெளியே யாருக்கும் தெரியாது. அட்டை கடித்த இடம் புண்ணாகிவிட்டது என்று மாமா சொல்லி வைத்திருந்தார். மழைக்காலத்தில் இந்த மலையில் அட்டை கடிக்காத கால் கிடையாது, எல்லோரும் நம்பினார்கள். பெரிய சப்பாத்துக்குள் காலைத் திணித்துக்கொண்டு கடைக்குப் போவார். அங்கே சீனி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து என்ன செய்கிறார் என்று எங்களுக்குத் தெரியாமலில்லை. வீட்டுக்கு வரும்போது உள்ளங்கை பிசுபிசுவென்று இருக்கும்.

இந்தத் தீபாவளிக்கு மொனராகலையிலிருந்து அவருடைய தம்பி குடும்பத்தோடு வருவதாக இருந்தது. பண்டிகை வீட்டில் மாமாவின் கையைக் கட்டிப்போட முடியாது. அவரும் சாப்பிடக் கூடியதாக, சீனி குறைத்து நானே சாக்லேட்டும் புட்டிங்கும் செய்தால் என்ன என்று தோன்றியது. ஊரிலும் தீபாவளி என்றால் தித்திப்புத்தான். துறையூரில் என் அப்பா ஜாங்கிரியைப் பாகு சொட்டச் சொட்டத் தூக்கிக் காட்டி, சொட்டாத ஜாங்கிரியைக் கடைக்கே திருப்பி அனுப்புவார். அப்போது அது எனக்கு அருவருப்பாகப் படவில்லை. இப்போது நினைத்தால் பல் கூசுகிறது. ஆக, இதை இந்த நாட்டின் குற்றமாக எழுதிவிட எனக்கு யோக்கியதை இல்லை என்பதும் தெரியும்.

கித்துள் சக்கரை போட்டுச் செய், அது சீனிக்காரருக்கு ஒன்றும் செய்யாது என்று அத்தை சொன்னார். இந்த ஊரில் படித்தவர்கள்கூட இதைச் சொல்கிறார்கள். கித்துள் பனையின் பாகு மருந்து மாதிரி என்று ஒரு நம்பிக்கை. கிளினிக்கில் தாதியிடம் கேட்டேன். அதுவும் சீனிதான், கறுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றார். அதனால் கித்துளையும் விட்டேன். கொக்கோத் தூள், இங்கே கச்சான் என்கிற வறுத்த வேர்க்கடலை, தேங்காய் எண்ணெய், ருசிக்குக் கொஞ்சம் பேரீச்சம்பழம். சந்தையில் அவகாடோ வாங்கி வந்து கொக்கோ சேர்த்துக் கடைந்து கிண்ணங்களில் ஊற்றி வைத்தேன். மறுநாள் பார்த்தால் மேல்புறம் பழுப்பேறி, உரித்த கட்டுத் துணியின் நிறத்தில் ஒரு படலம் கட்டியிருந்தது. கரண்டியால் அதை வழித்து எறிந்தேன். சாக்லேட் பரவாயில்லை. ஆனால் உருட்ட உருட்ட உள்ளங்கையெல்லாம் எண்ணெய்க் கசடு. நாக்கில் முதலில் கசப்பு, பிறகு மெழுகு. மகள் ஒன்றைக் கடித்துவிட்டு என் கையிலேயே துப்பினாள். "அம்மா, இது மண்ணு" என்றாள். மாமா மட்டும் ஒன்றை வாங்கி மென்று விழுங்கினார். ஒன்றும் சொல்லவில்லை. அதையே பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் அத்தை அந்த சாக்லேட்டுகளைத் தட்டுகளில் வைத்து, முறுக்கும் சேர்த்து, அக்கம்பக்கம் அனுப்பினார். தட்டு வெறுமையாகத் திரும்பக் கூடாது என்பது நம் ஊரிலும் உண்டு. ஒரு சிட்டிகை சர்க்கரையோ இரண்டு பழமோ வைத்துக் கொடுப்போம். முதல் தட்டு சீனியோடு வந்தபோது அதனால் நான் கவனிக்கவில்லை. அடுத்ததிலும் சீனி. கொஞ்சமில்லை, குவியல். கடைசியாகப் பக்கத்து வீட்டுச் சிங்கள டீச்சர் தட்டைத் தாமே ஏந்திக்கொண்டு வந்தார். சேலை முந்தானையால் மூடி, யாரும் பார்க்காதபடி சமையலறை வாசலில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"துவ, சீனி மதி நே? பரவாயில்ல, நம்ம வீட்ல இருக்கு. வெக்கப்பட வேணாம்."

துவ என்றால் மகள். மகளே, சீனி போதவில்லையா என்கிறார். சாமான் தட்டுப்பாட்டுக் காலத்தில் இந்தத் தெருவில் எல்லோரும் ஒருவருக்கொருவர் இப்படித்தான் மறைத்து மறைத்துக் கொடுத்துக்கொண்டார்களாம். வேண்டுமென்றுதான் குறைத்தேன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லப் பார்த்தேன். அவர் என் கன்னத்தைத் தடவி, தெரியும் தெரியும் என்பதுபோலத் தலையாட்டிவிட்டுப் போனார். திரும்பினால் மாமா நின்றுகொண்டிருந்தார். பலசரக்குக் கடைக்காரர் வீட்டில் சீனி இல்லை என்று தெரு இரங்குகிறது. அவர் முகம் அப்படிக் கறுத்து நான் பார்த்ததில்லை. அன்று மாலையே பேக்கரியில் சொல்லி ஒரு பெட்டி லட்டு வரவழைத்தார்.

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. வெளியே தூறல். மாமா புது வேட்டியும் அந்தச் சப்பாத்துமாக நடுவில் உட்கார்ந்திருந்தார். மாமாவின் தம்பியை நான் சின்ன மாமா என்பேன். வாய் சும்மா இருக்காது. என் சாக்லேட்டை வாயில் போட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தார்.

"என்னண்ணே, கடையில மூட்டை மூட்டையா சீனிய அடுக்கி வச்சிக்கிட்டு வீட்டுல கசாயத்த உருட்டிக் குடுக்குறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். இந்தியாவிலிருந்து மருமகள் எடுத்தால் இப்படித்தான், அவங்க கையிருப்பு எண்ணித்தான் செலவழிப்பாங்க என்று யாரோ சொன்னார்கள். மாமாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே லட்டுப் பெட்டியைத் திறந்து, எல்லோரும் பார்க்கும்படி ஒன்றை முழுசாக வாய்க்குள் வைத்தார். அதை விழுங்குமுன் அடுத்ததை எடுத்தார். உதட்டோரம் நெய் வழிந்தது. சின்ன மாமா இன்னொன்றை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். நான் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். நல்ல நாளில் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். நான் வந்தவள். ஆனால் என் மகள் தாத்தாவின் மடியில் சாய்ந்து, அவர் கையிலிருந்த லட்டைப் பிய்த்துத் தின்னத் தொடங்கியிருந்தாள். அதைவிட, அந்தச் சப்பாத்துக்குள்ளிருந்து வாடை வெளியே வர ஆரம்பித்திருந்தது. சின்ன மாமாவின் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

உள்ளே போய், துணியும் மருந்தும் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். மாமாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். கட்டு மாற்றும் நேரம் ஆகிவிட்டது என்றேன். உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "இங்கேயே பாத்துடலாம் மாமா" என்று சொல்லி, அவர் காலை என் மடியில் தூக்கி வைத்துச் சப்பாத்தைக் கழற்றினேன். துணி ஒட்டியிருந்தது. உரித்தேன்.

விரல் இல்லாத இடத்தை எல்லோரும் பார்த்தார்கள். ஒரு பிள்ளை ஓடிப்போய் முற்றத்தில் வாந்தியெடுத்தது. சின்ன மாமா கையிலிருந்த லட்டைப் பெட்டியில் திரும்ப வைத்தார். விரல்கள் பாகில் ஒட்டிக்கொள்ள, எங்கே துடைப்பது என்று தெரியாமல் விரித்துப் பிடித்திருந்தார். "அட்டைன்னுதானே சொன்னீங்க" என்றார், மெதுவாக. மாமா மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்கள் நிறைந்திருந்ததை, கீழே உட்கார்ந்திருந்ததால், நான் மட்டும் பார்த்தேன். நான் செய்தது சரியா என்று அந்த நொடியே சந்தேகம் வந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் முடியாததுமாக எல்லோரும் கிளம்பினார்கள். இந்தியாக்காரி குடும்ப மானத்தை வாங்கிவிட்டாள் என்று அத்தை சுவரிடம் சொன்னார். துறையூருக்குப் பேசினேன். பின்னணியில் சித்தி, யாரு, இலங்கைக்காரியா என்று கேட்டது காதில் விழுந்தது. அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. நல்லபடியாக நடந்தது என்றேன்.

ஒரு வாரம் மாமா என்னோடு பேசவில்லை. காலை மட்டும் நீட்டுவார். ஆனால் விரல் போன சேதி ஊரெல்லாம் பரவிவிட்டது; கடையில் இப்போது யாரும் அவர் கையில் சீனி போடுவதில்லையாம். தெமோதரைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வருகிறவர்கள்கூட, ஐயாவுக்குச் சீனி வேணாம் என்று கடைப்பையனிடம் சொல்கிறார்களாம். அவமானமும் ஒரு மருந்து போலிருக்கிறது. குடிக்க அதுவும் நன்றாக இல்லை. நேற்று கிளினிக்கில் டாக்டர், கொஞ்சம் இறங்கியிருக்கிறது, பார்ப்போம் என்றார்.

இன்று காலை துணியை உரித்துக்கொண்டிருந்தபோது மாமா வாய் திறந்தார். ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஊருக்குப் போகணும்னா போம்மா. கால் ஆறுன பொறகு போ."

குனிந்து புண்ணைப் பார்த்தேன். வாடை இன்னும் இருக்கிறது. இரண்டு ஓரங்களிலிருந்தும் புதுத் தோல் மெல்ல வளர்ந்து வருகிறது, சுற்றியிருக்கும் தோலின் நிறம் இல்லாத ஒரு வெளிர்ச்சிவப்பில். நடுவில் இன்னும் தொட்டுக்கொள்ளவில்லை. அங்கே பச்சையாகவே இருக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த நடு இடத்தில் துணியை வைத்தேன்.