வரைபடத்தில் சிவப்பாக இருந்த வீடு

மண்ணியலில் பட்டம் பெற்ற கையோடு எனக்குக் கிடைத்த வேலை, மேட்டுப்பாளையத்துக்கு மேலே உள்ள ஒரு மலைச்சரிவின் மண்ணை வரைபடமாக்குவது. துடியலூரில் ஒரு மாடி அறைதான் அலுவலகம். நாங்கள் சிலர் காலைப் பேருந்தில் ஏறிப் போய், சரிவில் குழி தோண்டி, மண்ணை நனைத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்போம். உடையாமல் கயிறுபோல் நீண்டால் களிமண் அதிகம். அத்தகைய மண் பாறைமேல் கனமாகப் படிந்து, இரண்டுக்கும் நடுவே நீரும் கசிந்தால், அடைமழையில் மொத்தமாக நழுவிவிடும். அந்த இடங்களுக்குச் சிவப்பு நிறம் கொடுத்தோம். ஓரளவு ஆபத்துக்கு மஞ்சள். அச்சமில்லாத இடத்துக்குப் பச்சை.

சிவப்புக்குள் ஒரே ஒரு வீடு இருந்தது. பெருந்துறைப் பக்கத்திலிருந்து வந்து நிலம் வாங்கிக் கட்டிய குடும்பம். கணவன், மனைவி, கல்யாணம் நிச்சயமான மகள். சமவெளிக்காரர்களுக்கு வாசல் அகலமாக வேண்டும். மகள் கல்யாணத்துக்குப் பந்தல் போட வேண்டுமே என்று, மலையைச் செங்குத்தாக வெட்டி வீட்டைப் பின்னால் தள்ளிக் கட்டியிருந்தார்கள். சமையலறைச் சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் இடையே ஓர் ஆள் நடக்கும் இடம்தான். அந்த வெட்டின் அடியில் நீர் கசிவதை நானே குறிப்பேட்டில் எழுதினேன்.

அந்த அம்மா எங்களுக்குத் தினமும் காப்பி கொடுப்பார். ஒருநாள் கேட்டார்: "ஏனுங்க அம்மணி, பொறத்தால மண்ணு நிக்குமுங்களா?"

நல்ல காரியம் நடக்கப்போகிற வீட்டில் கெட்டதைப் பேசக் கூடாது என்றுதான் எங்கள் பக்கத்தில் எல்லோரும் வளர்கிறோம். "மழைக்காலத்துல கொஞ்சம் பாத்து இருந்துக்குங்க," என்றேன். பிறகு, அந்தப் பதிலின் சங்கடத்தை மறைக்க, "வாசல் நல்லா அகலமா இருக்குதுங்க," என்றும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

வரைபடம் முடிந்ததும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அதை மாட்டி விளக்கினோம். பேசியவள் நான்தான். களி, கசிவு, சரிவு எல்லாவற்றையும் நீளமாகச் சொன்னேன். எந்த வீட்டுக்கு என்ன ஆகும் என்று மட்டும் சொல்லவில்லை. சிவப்புக்கு நேராக மூலையில் 'உயர் பாதிப்புத்தன்மை' என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல் அந்தக் கூடத்தில் யாருக்காக என்று எனக்கு இன்றும் தெரியாது.

"எங்காட்டுக்குப் பச்ச அடிச்சிருக்கீங்க. அங்க பில்லுகூட மொளைக்கலீங்களே," என்றார் ஒருவர். கூடம் சிரித்தது.

அந்த வீட்டுக்காரர் முன்னால் வந்தார். "நம்மூடு எதுங்க அம்மணி?"

தொட்டுக் காட்டினேன்.

"செவப்பு!" என்று அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "செம்மண் பூமின்னு நாஞ் சொன்னப்ப ஒருத்தனும் நம்பல. இப்பக் காயிதத்துலயே வந்துபோச்சு, பாத்துக்கங்க."

"அப்ப மாமனுக்குக் கடலக்கா நல்லா வெளையும்," என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"வெளஞ்சா உனக்கொரு படி தந்துபோடறேன் மாப்ள, ஏங்காதே."

மண் வரைபடம் என்றால் நிறம் மண்ணுடையது என்றுதானே ஒரு விவசாயி எடுத்துக்கொள்வார். அவரைத் திருத்த ஒரு வாக்கியம் போதும். நான் அந்த நொடியில் எடைபோட்டுப் பார்த்தேன்: சபையில் அவர் தலை குனியும், பேச்சு சம்பந்தி வீட்டுக்குப் போகும், கல்யாணம் தடைபடும். மறுபக்கம், பெருமழை வராமலும் போகலாம். இரண்டையும் வைத்துப் பார்த்து, நானும் எல்லோருடனும் சிரித்தேன். அறிக்கை எப்படியும் மேலதிகாரிகளுக்குப் போகிறது, அங்கிருந்து யாராவது சொல்வார்கள் என்று பேருந்தில் மலையிறங்கும்போது சமாதானம் செய்துகொண்டேன்.

ஆவணியில் அந்த அகன்ற வாசலில் கல்யாணம் நடந்தது. ஐப்பசி மழையில், ஒரு காலை நேரம், வெட்டிய மண் சமையலறைச் சுவரோடு உள்ளே வந்தது. அடுப்பருகே நின்றிருந்த அம்மாவை இடுப்புவரை மூடிவிட்டது. பிழைத்தார். ஒரு காலை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

கோயம்புத்தூர் மருத்துவமனைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும், "இந்தப் புள்ள பாத்து இருக்கச் சொல்லுச்சு, நாந்தான் கேக்காமப் போட்டேன்," என்று பக்கத்துப் படுக்கைக்காரியிடம் சொன்னார். என் கையைப் பிடித்து, "சாப்புட்டியா கண்ணு?" என்றார்.

வெளியே நடைவழியில் அவர் கணவர், தை பிறந்ததும் சுவரை அதே இடத்தில் எழுப்பப்போவதாகச் சொன்னார். "செம்மண் பூமிங்க. உட்டுப்போட்டுப் போக மனசு வரலீங்க."

அப்போதுதான் சொன்னேன். "அது செம்மண்ணுங்கறதுக்குப் போட்ட செவப்பு இல்லீங்க. சரியும்னு போட்டதுங்க. அங்க மறுபடியும் கட்டாதீங்க."

"பள்ளிக்கூடத்துல நாஞ் சொன்னப்பவே உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

அவர் கோபப்படவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கட்டலீங்க," என்றார். பிறகு கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "இத அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க. உங்கமேல நல்ல நெனப்பு வெச்சிருக்கறா," என்றார்.

உள்ளே போய் அந்த அம்மாவிடம் விடைபெறவில்லை. நடைவழியிலிருந்தே திரும்பி வந்துவிட்டேன்.