அடைப்புக்குறி காணாமல் போன பக்கம்

வக்கீலம்மா என்ன வேலை பார்க்கிறார் என்பது அந்தத் தெருவில் ஒருவருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. பக்கத்து வீட்டுச் சுவர் தன் மனைக்குள் வந்துவிட்டது என்று ஒருவர் வருவார். விவாகரத்துக்கு எத்தனை நாளாகும் என்று இன்னொருவர் கேட்பார். வக்கீலம்மாவின் மாமியார்தான் வாசலிலேயே ஆளைத் திருப்பி அனுப்புவார். “அவ கோர்ட்டுக்குப் போற வக்கீல் இல்லப்பா. எங்க கையெழுத்துப் போடக்கூடாதுன்னு கவர்மெண்டுங்களுக்குச் சொல்லிக் குடுக்கிற வக்கீல்.” பன்னாட்டு வணிகச் சட்டத்தைப் பற்றித் தலையணை தலையணையாகப் புத்தகம் எழுதியவர்கள்கூட இவ்வளவு கச்சிதமாகச் சொன்னதில்லை.

பெரும்பாலும் சின்ன நாடுகள்தான் அவரைக் கூப்பிட்டன. பெரிய நாட்டோடு ஒப்பந்தம் பேசும்போது எதிர்ப்பக்கம் வக்கீல்கள் பந்திபோல வரிசையாக உட்கார்ந்திருக்க, இந்தப் பக்கம் இவர் ஒருவர். ஆனாலும் மனுஷி அசரமாட்டார். காகிதத்தைத் தொடுவதற்கு முன் சரக்கைப் பார்த்தாக வேண்டும் என்பது அவர் பிடிவாதம். துணி என்றால் தறிக்கூடம், மீன் என்றால் துறைமுகம். பால் பவுடர் இறக்குமதி பற்றிப் பேச ஒரு நாடு அழைத்தபோது, அமைச்சகத்துக் கார் வருவதற்குள் பால் சேகரிப்பு நிலையத்துக்குப் போய், கேன் தூக்கி வந்த பெண்களிடம் தீவன விலை முதல் மாடு கன்று போட்ட கதை வரை கேட்டுக்கொண்டிருந்தார். வெளிநாட்டுப் பவுடர் வரியில்லாமல் இறங்கினால் இவர்கள் பிழைப்பு ஒரு வருஷம் தாங்காது என்று அன்றே அவருக்குப் புரிந்துவிட்டது.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இரு தரப்பும் இன்னும் ஒத்துக்கொள்ளாத வாசகத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் வைப்பார்கள். குறி இருக்கும் வரை அது வெறும் பேச்சு. குறி போய்விட்டால் முடிந்த காரியம். பவுடருக்கு வரி கூடாது என்ற வாசகத்தை அவர் மாதக்கணக்கில் அந்தக் குறிக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல், நரைத்த மீசைக்காரர், தேனொழுகப் பேசியும் இவர் மசியவில்லை.

அமைச்சருக்கோ அடைப்புக்குறி என்றாலே எரிச்சல். பார்த்தால் கணக்குப் பாடம் மாதிரி இருக்கிறதாம். ஓய்வு பெறப்போகும் துணைச் செயலாளர், அமைச்சர் கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஒரு நகல் எடுக்கிறேன் பேர்வழி என்று குறிகளையெல்லாம் துடைத்துவிட்டார். அந்த நகல் பேச்சுவார்த்தைக் காகிதக் கட்டுக்குள் கலந்துவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் சுருக்கொப்பம் இட வேண்டியவர் வக்கீலம்மா. நேற்று வரி விடாமல் படித்ததுதானே என்று இட்டுவிட்டார். வாழ்நாளில் அவர் படிக்காமல் ஒப்பமிட்டது அது ஒன்றுதான்.

கையெழுத்தாக வேண்டிய காலையில், மண்டபத்தில் சும்மா புரட்டியபோது குறி இல்லாதது கண்ணில் பட்டது. எதிரே மீசைக்காரர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இந்தப் பக்கம் திரும்பாத விதத்திலேயே அவருக்கும் விஷயம் தெரியும் என்பது தெரிந்துவிட்டது. வக்கீலம்மா அதைத் துணைச் செயலாளரிடம் காட்டினார். மனிதர் வெலவெலத்துப் போய், தட்டச்சுப் பிழை என்று சொல்லிப் பார்க்கலாமா என்றார். அது செல்லாது. சுருக்கொப்பம் என்றால் படித்தேன், சம்மதம் என்று அர்த்தம். அதை உடைக்க ஒரே வழி, படிக்காமலே ஒப்பமிட்டேன் என்று ஒப்பமிட்டவரே சபையில் சொல்வது. எந்த வக்கீலும் அதைச் சொல்லிவிட்டுப் பேரோடு வெளியே வர முடியாது. சொல்லாமல் இருந்தால் பழி வெளிவர வருஷங்கள் ஆகும். வந்தாலும் துணைச் செயலாளர் தலையில்தான் விடியும்.

வக்கீலம்மா எழுந்தார். “இந்தப் பக்கத்த நான் படிக்காம ஒப்பம் போட்டுட்டேன். தப்பு என்னுது. இத மறுபடி திறக்கணும்.”

குறியை எடுத்த ஆள் யார் என்று அமைச்சர் சீறினார். காகிதக் கட்டைச் சரிபார்ப்பது தன் வேலை என்பதற்கு மேல் வக்கீலம்மாவிடமிருந்து ஒரு வார்த்தை பெயரவில்லை. எதிர்த்தரப்பு சம்மதித்தால்தான் திறக்கலாம் என்று சொல்லி, கூட்டத் தலைவர் இடைவேளை விட்டார்.

தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் மீசைக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். “உங்க இடத்துல நான் இருந்திருந்தா வாயத் திறந்திருக்க மாட்டேன்,” என்றார். அதில் கேலி இல்லை, நிஜமான பரிதாபம் இருந்தது.

“உங்க இடத்துல இருந்தும்தான் நீங்க திறக்கல,” என்றார் வக்கீலம்மா.

மீசைக்காரர் டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார். கூட்டம் மறுபடி கூடியதும், தன் ஆட்கள் பக்கம் திரும்பாமலே, ஆட்சேபனை இல்லை என்றார். குறி திரும்ப வந்தது. கையெழுத்து நின்றது.

பவுடரும் வரவில்லை. கேன் தூக்கும் பெண்களுக்கு இப்படி ஒரு காலை நடந்ததே தெரியாது. அமைச்சர் கைகுலுக்காமல் அனுப்பினார். அந்த அரசு அப்புறம் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிடுவதாக இருந்த இன்னும் இரண்டு நாடுகளும் சாக்குச் சொல்லி நழுவின. வீட்டில் அவர் அழுதார். சொன்னதற்காக இல்லை, அத்தனை வருஷம் சேர்த்த பேர் ஒரு காலையில் போனதற்காக. அவரைவிடப் பெரிய வக்கீல்கள் இருக்கலாம், நான் மறுக்கவில்லை. அந்த அழுகைக்கு முன்னால் அவர்கள் யாரும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மறுபடி இப்படி ஒன்று நடந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். சபையில் எழுந்து சொல்வேன் என்பாள் என்றுதான் அவர் எதிர்பார்த்தார்.

வக்கீலம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டார். “நடக்காது. படிச்சிட்டுத்தான் போடுவேன்.”