சிரிக்கிற உளவாளியும் சிரிக்காத உளவாளியும்

உளவாளிப் படத்தில் இரண்டு தினுசுதான் உண்டு. ஒன்று சிரிக்கிற உளவாளி, இன்னொன்று சிரிக்காத உளவாளி. என் அண்ணன் முதல் கட்சி, நான் இரண்டாம் கட்சி. இதற்காக நாங்கள் போட்ட சண்டையைச் சொத்துத் தகராறு என்று நினைத்துக்கொண்டு அம்மா ஒருநாள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்திருக்கிறாள்.

எங்கள் ஊர் மல்லசமுத்திரத்துக்குப் பக்கம். அண்ணன் காட்டைப் பார்த்துக்கொள்கிறான். மரவள்ளிக் கிழங்கு, கொஞ்சம் கடலை, இரண்டு மாடு. நான் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கடையில் வேலை பார்க்கிறேன். அப்பா இல்லை. எங்கள் இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அண்ணனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. மூத்தவன் இருக்கும்போது இளையவனுக்குப் பார்க்கக் கூடாது என்பதால் அவனுக்குப் பின்னால் நானும் வரிசையில் நிற்கிறேன். எங்கள் பக்கத்தில் இதெல்லாம் அதிசயமே இல்லை. காட்டு வேலை செய்கிறவன் என்றதும் பெண் வீட்டார் ஜாதகத்தைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. தெருவுக்குத் தெரு எங்களைப் போல நரை எட்டிப் பார்க்கிற மாப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமையானால் பைக்கை எடுத்துக்கொண்டு சேலத்துக்குப் படம் பார்க்கப் போய்விடுவோம். பெண்டாட்டி பிள்ளை இல்லாதவனுக்கு ஞாயிற்றுக்கிழமையைக் கழிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று இருக்கிறவர்களுக்குத் தெரியாது.

அண்ணனுடைய உளவாளி விமானத்திலிருந்து குதிப்பான், கோட்டில் ஒரு மடிப்பு விழாது. பெரிய விடுதிக்குள் நுழைந்து தன் சொந்தப் பெயரையே சொல்லி அறை கேட்பான். ரகசியமாகத் திரிய வேண்டிய பயல், போகிற இடமெல்லாம் கண்ணாடியை உடைத்துச் சத்தம் போடுவான். எதிராளியை மாடியிலிருந்து தள்ளிவிட்டு, அவன் தரையைத் தொடுவதற்குள் ஒரு ஜோக் அடிப்பான். செத்தவனுக்கு ஒரு அம்மா இருப்பாள், அவள் அழுவாள் என்கிற பேச்சே அந்தப் படத்தில் கிடையாது.

என்னுடைய உளவாளி வேறு மாதிரி. வழுக்கை, தொந்தி, மழைக்கோட்டு. பெண்டாட்டி விட்டுவிட்டுப் போயிருப்பாள். ஓர் அறையில் உட்கார்ந்து ஆறிப்போன டீயைப் பார்த்துக்கொண்டே இருப்பான். எதிரே வந்து உட்காருகிறவன் நல்லவனா கெட்டவனா என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. யாரும் யாரையும் அடிக்க மாட்டார்கள். ஒருத்தர் ஒரு சொல்லை வாய் தவறி விடுவார், அதோடு அவர் கதை முடிந்துவிடும். எப்போது மாட்டினோம் என்பது மாட்டினவனுக்குக் கடைசியில்தான் தெரியும்.

“இதென்றா படம்? ஊட்டுக்குள்ளயே உக்காந்துட்டு மூஞ்சி மூஞ்சியப் பாத்துக்கறானுக. இதுக்கு நம்மூடு பத்தாதா? பெட்ரோல் போட்டுச் சேலம் வரோணுமா?” என்பான் அண்ணன்.

“நெசத்துல வேவு பாக்கறவன் இப்படித்தாண்ணா இருப்பான்.”

“நெசத்தத்தான் தெனமும் பாக்கறமே சாமி” என்று என் தோளில் தட்டுவான்.

ஒருநாள் இடைவேளையில் பஜ்ஜியைத் தின்றுகொண்டே அவன் சொன்னது எனக்கு மறக்காது. “அந்த ஈரோவுக்கு என்ற வயசிருக்கும்டா. கல்யாணம் ஆகுலே. ரெண்டு மணி நேரமாப் பாக்கறேன், எவனாச்சும் ஏனப்பா உனக்கு இன்னும் ஆகுலேன்னு கேக்கறானா பாரு. அதுக்கே இந்தப் படத்துக்குக் காசு குடுக்கலாம்.” சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தான். நான் என் பங்குப் பஜ்ஜியையும் அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

போன வருஷம் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. அந்தப் பெண்ணுக்கு முப்பத்துச் சொச்சம். முன்பே கல்யாணமாகி, ஒரு வருஷத்துக்குள் கணவன் பைக் விபத்தில் போய்விட்டான். குழந்தை இல்லை. அம்மா முதலில் முணுமுணுத்தாள். அண்ணன் ஒரே வார்த்தையில் சரி என்றான். கோயிலில் வைத்துப் பார்த்தார்கள். இருவரையும் பிரகாரத்தில் கொஞ்சநேரம் பேச விட்டார்கள். திரும்பி வரும்போது அண்ணன் பைக்கை ஓட்டவில்லை. என்னை ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்னால் உட்கார்ந்து, நான் கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு வந்தான்.

“படம் பாப்பீங்களான்னு கேட்டுச்சுடா. உளவாளிப் படம்னேன். அழுவுற படமா, சிரிக்கிற படமான்னுச்சு. சிரிக்கறதுதானுங்கன்னேன். அதுக்கு என்ன சொல்லுச்சு தெரியுமா? ‘எனக்கும் சிரிக்கிற படந்தாங்க புடிக்கும். அழுவுறதெல்லாம் போதும்’னுச்சு.” பேச்சை அந்தப் பெண்ணின் ஊர் வழக்கத்திலேயே சொல்லிக் காட்டினான். “இது அமையிலீன்னா இனி எனக்குப் பாக்கவேண்டாம்டா. அப்பறம் நீ உனக்குப் பாத்துக்க” என்றான். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

அடுத்த வாரமே குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டினான்.

இனி ஒரே ஒரு கண்டம் பாக்கி. எங்கள் பக்கத்தில் நிச்சயத்துக்கு முன்னால் பெண் வீட்டார் ஆள் விட்டு விசாரிப்பார்கள். சொல்லிவிட்டு வரமாட்டார்கள். டீக்கடையில் உட்காருவார்கள், முடிதிருத்தும் கடையில் பேச்சுக் கொடுப்பார்கள். பையன் குடிப்பானா, மாமியார் எப்படி, பங்காளிச் சண்டை உண்டா என்று தோண்டிவிட்டு வந்த சுவடு தெரியாமல் போய்விடுவார்கள். ஊரில் பாதிக் கல்யாணம் இந்த விசாரிப்பில்தான் நின்றிருக்கிறது. தரகரும் போனில், “ஆளு வருவாங்க. எப்போ, யாருன்னு எனக்கே சொல்லமாட்டாங்க. பாத்து நடந்துக்கங்க” என்று சொல்லிவிட்டார்.

அண்ணனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவனுடைய படமே ஊருக்குள் வந்து இறங்கியது போல ஆகிவிட்டது. டீக்கடைக்காரரைத் தனியே அழைத்து என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் எடுத்தான். வெள்ளைச் சட்டை போட்டு வெளியூர் ஆள் எவன் பைக்கில் வந்தாலும் ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும், அதுதான் சங்கேதம். அம்மா பக்கத்துத் தோட்டத்துக்காரியிடம் வரப்புச் சண்டையை நிறுத்திவைத்து, அவளுக்கு முருங்கைக்காய் கொடுத்து அனுப்பினாள். அவள் மிரண்டுபோய் வாங்கிக்கொண்டாள்.

ஒருநாள் மத்தியானம் மிஸ்டு கால் வந்தது. வெள்ளைச் சட்டை, தங்க மோதிரம், புது பைக். டீக்கடைக்காரர் அவரைப் பிடித்து உட்காரவைத்து அண்ணன் புகழைப் பாடித் தீர்த்திருக்கிறார். ஆள் எங்கள் வீட்டுக்கும் வந்தார். பெண் வீட்டு ஒரம்பரை வந்துவிட்டார், விருந்து வைக்க வேண்டும் என்று அம்மா கோழியை அடித்துக் குழம்பு வைத்தாள். அண்ணன் புது வேட்டி கட்டிக்கொண்டு, குடிப்பதில்லை, புகைப்பதில்லை, பெரியவர்களுக்கு மரியாதை உண்டு என்று கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னான். வந்தவர் திருப்தியாகச் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு, பையிலிருந்து ஒரு படப் புத்தகத்தை எடுத்து விரித்தார். அவர் தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் விற்கிறவர்.

மிஷினை வாங்கினோம். வேறென்ன செய்வது? அண்ணன் கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தான். “உன்ற படத்துல இப்படி ஒரு சீன் வருமாடா?” என்றான். நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். எங்கள் வீட்டில் அவ்வளவு சிரிப்பு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அது நடந்து பத்து நாளில் கிழங்கு பிடுங்கும் நாள் வந்தது. கிழங்கை வாங்குகிற ஜவ்வரிசி மில்காரரே வேனில் ஆட்களை ஏற்றி அனுப்பிவிடுவார். அந்தத் தடவை ஆத்தூர்ப் பக்கத்து ஆட்கள். பெண்கள்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் காட்டில் இருந்தேன். வேலை மும்முரமாக நடந்தது. அண்ணனும் அவர்களோடு சேர்ந்து மூட்டை தூக்கினான். பதினோரு மணிக்கு எல்லாருக்கும் டீயும் பன்னும் வந்தது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம்.

ஒரு பெண் ஆரம்பித்தாள். “ஏங்க, உங்களுக்குக் கல்யாணமாமே? பொண்ணு எங்க ஊர்ப் பக்கம்னு வேன்ல பேசிக்கிட்டாங்க.”

அண்ணன் வெட்கப்பட்டான். அந்த வயதில் ஒரு ஆள் வெட்கப்படுவதைப் பார்க்கவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

“அந்தப் பொண்ணுக்கு முன்னாடியே ஆயிருக்குதாமே?” என்று இன்னொருத்தி கேட்டாள்.

எங்கள் பக்கத்தில் லாரிப் பேச்சு இல்லாமல் வாய் திறக்காது. காய்ச்சல் வந்தால் வண்டியை சர்வீசுக்கு விடணும் என்பார்கள், வயசாகிவிட்டால், ஓடத் தகுதிச் சான்று முடிந்த வண்டியைப் போல, எஃப்.சி. போயிருச்சு என்பார்கள். எல்லாரும் அப்படித்தான் பேசுவோம், எவரும் தப்பாக எடுப்பதில்லை. அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தான். “நானே ஷெட்டுல நின்னு துருப் புடிச்ச வண்டிங்க. எனக்கு அதே சாஸ்தி. செகனேண்டுன்னாலும் ஒரு வருசந்தானுங்க ஓடியிருக்குது, கண்டிசன் நல்லாருக்குது!”

மரத்தடியே சிரித்தது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, நெற்றியில் பெரிய பொட்டு, தலையில் துண்டு, அவரும் சிரித்தார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, “போலாமா?” என்று மற்றவர்களைக் கூப்பிட்டுக்கொண்டு எழுந்தார். சாயங்காலம் வரை எல்லாருக்கும் சமமாக வேலை செய்தார். வேனில் ஏறும்போது அம்மாவிடம், “வர்றங்க” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர்தான் அந்தப் பெண்ணின் அத்தை. மில் வேன்காரர் அவர்களுக்குத் தெரிந்தவர். நாங்கள் ஊரெல்லாம் ஆம்பிளை ஆள் வருவான் என்று காவல் வைத்திருந்தோம். அவர் எங்கள் காட்டிலேயே ஒரு பகல் முழுக்க மண்ணில் நின்று, எங்களிடமே கூலி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

மூன்று நாள் கழித்துத் தரகர் என் கடைக்குப் போன் செய்தார். அண்ணனிடம் பேச அவருக்குத் தைரியம் இல்லை. “தம்பி, அது வேண்டாம்னுட்டாங்க. உங்கண்ணன் மேல எந்தக் குத்தமும் இல்லியாம். நல்லா ஒழைக்கிறாரு, மரியாதையானவருன்னுதான் அந்தம்மாவே சொல்லுது. ஆனா அந்த ஒரு வார்த்தை...” என்று இழுத்தார். நான் கெஞ்சினேன். விளையாட்டுக்குச் சொன்னதுங்க, எங்கள் பக்கப் பேச்சே அப்படித்தானுங்க, தன்னைத்தான் முதலில் சொல்லிக்கொண்டானுங்க என்று கடை வாசலில் நின்று கத்தினேன். நட்டு வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

“நானும் சொல்லிப் பாத்தேன் தம்பி. அந்தப் பொண்ணே போனை வாங்கிருச்சு. ‘நான் வண்டி இல்லீங்கன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடுங்க’ன்னு சொல்லிட்டு வெச்சிருச்சு. அழுவல, ஒண்ணும் இல்ல.”

சாயங்காலம் வீட்டுக்குப் போய் அண்ணனிடம் அத்தை விஷயத்தைச் சொன்னேன். அவர் காதில் விழுந்துவிட்டது, அவர் வேண்டாம் என்றுவிட்டார் என்று சொன்னேன். அந்தப் பெண் சொன்னதைச் சொல்லவில்லை. அண்ணன் மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தான். திரும்பாமலே, “அந்தப் பொட்டு வெச்ச அம்மாவா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். “சிரிச்சாங்களேடா” என்றான்.

அம்மா இரண்டு நாள் அழுதாள். பிறகு, அறுத்துக் கட்டுகிறவளுக்கு அவ்வளவு ஆணவமா என்று கத்தினாள். அண்ணன் அவளை ஒரு பார்வை பார்த்தான். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வரப்புச் சண்டை மறுபடியும் தொடங்கிவிட்டது. தண்ணீர் மிஷின் சமையலறையில் ஓடிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது, எரிச்சலாக வருகிறது.

சேலத்துக்குப் படத்துக்குப் போவது நின்றுவிட்டது. அண்ணனை என் தினுசுப் படங்களுக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன், வரவில்லை. நான் மட்டும் போவதற்கும் பிடிக்கவில்லை. தரகர்கள் யாரும் இப்போது கூப்பிடுவதில்லை. எனக்குப் பார்க்கச் சொல்லி அண்ணன் அம்மாவிடம் சொன்னான். பார்த்தார்கள். முப்பத்தெட்டு வயது, உதிரிபாகக் கடையில் சம்பளத்துக்கு நிற்கிறவன் என்றதும் அங்கேயும் கதவு சாத்தினார்கள். இனி எவரும் எங்களைத் தேடி வேவு பார்க்க வரமாட்டார்கள் என்பது எனக்கு நிச்சயமாகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் அவனுடைய உளவாளி வந்தான். அதே கோட்டு, அதே மாடி. எதிராளியைத் தள்ளிவிட்டு ஜோக் அடித்தான். அம்மாகூடச் சிரித்துவிட்டாள். அண்ணன் சத்தத்தைக் குறைத்தான்.

“டேய். நான் சொன்னது அந்தப் புள்ளைக்குத் தெரியுமாடா?”

இதை அவன் கேட்பது முதல் தடவை இல்லை. கிழங்குக் காட்டில் கேட்டிருக்கிறான், பைக்கில் போகும்போது கேட்டிருக்கிறான்.

“தெரியாதுண்ணா. அவங்க அத்தையோட நின்னுபோச்சு. அந்தப் புள்ளைகிட்ட ஜாதகம் சேரலைன்னு சொல்லீட்டாங்களாம்.”

“நெசமாத்தான?”

“நெசமாத்தாண்ணா.”

“அப்பச் சரி” என்றான். “அது மட்டும் தெரியாம இருந்தாப் போதும் சாமி. சிரிக்கற படந்தான் புடிக்கும்னுச்சு” என்று சொல்லிவிட்டு, ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். நான் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.