பாடத்தில் இருக்கும் அம்மா

அவளைப் 'பொறி' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். இரும்புப் பட்டறையில் கிரில் கதவுக்கு வெல்டிங் வைப்பவள். வாயைத் திறந்தாலும் பறப்பது பொறிதான். முதலில் அங்கே கூட்டிப் பெருக்கத்தான் போனாள். வெல்டிங்காரன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட ஒரு நாள், முகக் கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். சிரித்தவர்கள் சிரித்து ஓய்ந்தார்கள். அவள் கழற்றவில்லை.

அடுப்புக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். வீட்டில் சமையல் முழுக்கப் புருஷன். விடுதிச் சமையல்காரன் அவன். கை பட்டால் வெறும் உருளைக்கிழங்குகூட மணக்கும். இதில் யாருக்கு என்ன குறை? ஒரு குறையும் இல்லை, மகள் மூன்றாம் வகுப்புக்குப் போகும்வரை.

சமூக அறிவியலில் 'நம் குடும்பம்' என்று ஒரு பாடம். உன் வீட்டில் சமைப்பவர் யார் என்று கேள்வி. மகள் 'அப்பா' என்று எழுதினாள். டீச்சர் அதைச் சிவப்பு மையால் அடித்து, 'அம்மா சமைக்கிறார்' என்று பத்துத் தடவை எழுதிவரச் சொல்லிவிட்டார். பிள்ளை விரல் நோக எழுதுவதைப் பார்த்த பொறிக்கு உச்சந்தலை கொதித்தது.

மறுநாள் வேலைச் சட்டையோடு போய் வகுப்பு வாசலில் நின்றாள்.

"டீச்சர், எங்க வீட்டுல யார் சமைக்கிறாங்கன்னு எங்களுக்குத் தெரியாதா?"

"பாடத்துல அப்படித்தாம்மா படம் போட்டிருக்கு. அதைப் படிச்சுட்டு எழுதணும். பரீட்சையிலயும் அதைத்தான் கேப்பாங்க."

"படத்துல இருக்கறது யார் வீடோ. எங்க வீட்டை யாரு எழுதறது?"

"ஒரு மார்க்குக்கு இவ்வளவு கோபமா?"

"மார்க்கை நீங்களே வச்சுக்கங்க. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் குடுத்தீங்க, சந்தோஷம். கூடவே பொய் சொல்லவும் பழக்காதீங்க."

டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சாயங்காலம் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள்.

"நீ ஏன் அந்தச் சட்டையோட வந்த? எங்கம்மா வேலைக்குப் போகல, வீட்டுலதான் இருக்காங்கன்னு சொல்லி வச்சிருந்தேன்."

டீச்சர் மேல் வந்தது ஒரு கோபம் என்றால் இது வேறு. இது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பெற்ற பிள்ளைக்கே தன்னைச் சொல்ல வெட்கமா?

"அப்படியா சேதி," என்று புருஷன் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினாள். "பாடத்துல போட்டபடியே நடக்கட்டும். நகருங்க."

"வேணாம்மா, பிள்ளை பாவம்."

"பிள்ளை கேட்ட அம்மாதானே இது? சாப்பிடட்டும்."

சோறு அடிப்பிடித்தது. முட்டை ஒரு பக்கம் கரி, மறுபக்கம் பச்சை. உருளைக்கிழங்கில் பல் இறங்கவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் அதே கதைதான். புருஷன் வாய்விட்டே கெஞ்சினான்.

"எனக்கு மட்டுமாவது தனியா வச்சுக்கறேனே?"

"புஸ்தகத்துல அப்பா அடுப்புக்கிட்ட நிக்கற படம் இருந்தா காட்டுங்க, விடறேன்."

மகள் மட்டும் வாயே திறக்காமல் விழுங்கினாள். வீம்பு அப்படியே அம்மாவிடமிருந்து வந்தது.

பரீட்சை முடிந்த மதியம், மகள் இரண்டு தோழிகளை இழுத்துக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றாள். அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவள்.

"அப்பான்னே எழுதிட்டேன். மார்க் போயிடும். நீ சமைச்சதைத் தின்னுட்டு அம்மான்னு எழுத எனக்கு மனசு வரல."

பொறி கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"எங்கம்மாதான் கதவெல்லாம் செய்றாங்கன்னு சொன்னா இவளுங்க நம்ப மாட்டேங்கறாளுங்க. பத்த வச்சுக் காட்டு."

"நெருப்பை நேராப் பாத்தா கண்ணு போயிடும். மூணு பேரும் திரும்பி நின்னு சுவத்துல விழற வெளிச்சத்தைப் பாருங்க," என்றாள் பொறி. குரல் கடுகடுவென்றுதான் இருந்தது. கவசத்தை இறக்கிக்கொண்டது நல்லதாயிற்று. முகம் எப்படி இருந்ததென்று யாருக்கும் தெரியவில்லை.

கோபம் தீர்ந்துவிட்டதா என்றால், அதெப்படித் தீரும்? சரியாக எழுதிய பிள்ளைக்கு மார்க் போகப் போகிறது. இன்னும் இடுப்பை விட்டு இறங்காத சின்ன மகனும் நாளைக்கு அதே படத்தைத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் போகிறான். விடைத்தாள் கைக்கு வரட்டும், மறுபடி அந்த வகுப்பு வாசலுக்குப் போகலாம் என்று பொறி காத்திருக்கிறாள்.